நேராக ஒரு துளை

பழைய வேப்பங்கட்டிலின் கால் ஒன்றைச் செல் அரித்துவிட்டது. 90 மி.மீ. சதுரத்தில் ஒரு பூவரசங்கட்டையை இழைத்துப் புதுக்கால் செய்தேன். சட்டத்தைப் பிணைக்கும் போல்ட்டுக்காகக் கை டிரில்லால் துளை போட்டேன். பென்சில் குறியில் சரியாக இறங்கிய பிட், மறுபக்கத்தில் குறியை விட்டு 3 மி.மீ. தள்ளி எட்டிப் பார்த்தது. போல்ட் நுழையவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் என் கை செய்த பிழை இரண்டே டிகிரி. கடிகாரத்தின் நிமிட முள் 20 விநாடியில் நகரும் கோணம் அது. மெல்லிய பலகையில் இந்தச் சாய்வு யாருக்கும் தெரியாது, 90 மி.மீ. கட்டையில் அதுவே 3 மி.மீ. ஆகிவிடுகிறது. வில்லும் கயிறும் கொண்டு துரப்பணம் சுழற்றிய ஆசாரிகள் இந்தச் சாய்வைத் தோள்பட்டையிலேயே உணர்ந்திருப்பார்கள். எனக்கு அந்தத் தோள் வாய்க்கவில்லை. அதனால் மேசைமேல் வைக்கும் பில்லர் டிரில் ஒன்றை வாங்கக் கிளம்பினேன்: ஒரு தூண், அதன் உச்சியில் மோட்டாரும் பிட்டும் கொண்ட தலை, கீழே கட்டையை வைக்க ஒரு மேசை.

எந்தக் கடைக்குப் போனாலும் முதல் பேச்சு குதிரைத்திறன்தான். அரை எச்.பி. போதுமா, ஒரு எச்.பி. வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. மரத்தைக் குடைவது பிட். அதைச் சுழற்றுவது மோட்டார். இவை இரண்டும் கை டிரில்லிலேயே இருக்கின்றன. பில்லர் டிரில்லுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: பிட் ஒரே கோட்டில் இறங்கி, அதே கோட்டில் ஏற வேண்டும். அந்தக் கோடு எங்கெங்கே கெடுகிறது என்று தெரிந்தால் எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் சந்தேகம் தூண்மேல்தான் வரும். கைப்பிடியை அழுத்தும்போது மரம் பிட்டைத் திருப்பி மேலே தள்ளுகிறது. அந்த விசை தூணுக்கு நேர் மேலே விழாமல் அரைச் சாண் முன்னால் தள்ளி விழுகிறது. ஆகவே தலை மேலே நிமிரவும், மேசை கீழே சாயவும், தூண் வில்லாக வளையவும் பார்க்கும். தூணின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 48 மி.மீ. தூணுக்குப் பதில், அதே விகிதத்தில் சுவர் தடித்த 60 மி.மீ. தூணைப் போட்டால் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. விறைப்போ ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. இதைப் படித்தவுடன் எல்லோரையும் போல நானும் தடித்த தூணைத் தேடி அலைந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 48 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் கொண்ட எஃகுக் குழாய்; தூணிலிருந்து 125 மி.மீ. தள்ளி 30 கிலோ அழுத்தம். தலைக்கும் மேசைக்கும் இடையே 40 செ.மீ. தூண். அது வளைவதால் வரும் சாய்வு, 50 மி.மீ. ஆழத்தில் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. மரவேலைக்கு இதை மறந்துவிடலாம்.

இந்த வளைவு, தூணிலிருந்து பிட் தள்ளியிருக்கும் தூரத்தோடும், தலைக்கும் மேசைக்கும் இடையே உள்ள உயரத்தோடும் நேர்விகிதத்தில் கூடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மேசையைத் தலைக்கு எவ்வளவு அருகில் ஏற்றி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. தரையில் நிற்கும் பெரிய மாடல்களில் பெரும்பாலும் தலை அதேதான், தூண் மட்டும் நீளம். வீட்டுப் பட்டறையில் அந்த நீளத்துக்கு வேலை அபூர்வம்.

கோடு உண்மையில் கெடும் இடம் வேறு. பிட்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கிக்கொண்டு மேலும் கீழும் போகும் எஃகுக் குழல் ஒன்று இருக்கிறது, குவில் என்பார்கள். தலையின் வார்ப்பிரும்பில் கடைந்த துளைக்குள் அது வழுக்கி இறங்குகிறது. வழுக்க வேண்டுமானால் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் மலிவான இயந்திரமும் நல்ல இயந்திரமும் பிரிகின்றன. குவிலை 80 மி.மீ. நீளத்துக்குத் துளை பிடித்திருக்கிறது, இடைவெளி 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக், பிட் எல்லாம் சேர்த்து முனை அங்கிருந்து 200 மி.மீ. கீழே இருந்தால், 0.1 என்பது முனையில் 0.25 மி.மீ. ஆட்டமாகப் பெருகிவிடும். நெம்புகோலின் கணக்கேதான். 30 கிலோ அழுத்தத்தில் தூண் செய்யும் பிழையைவிட இது பல மடங்கு. குவில் வெளியே நீள நீள, உள்ளே பிடிமானம் குறையும் அமைப்பாக இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம், மின்சாரம்கூட வேண்டாம். கைப்பிடியைத் திருப்பிக் குவிலை முழுவதுமாக இறக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ‘டொக் டொக்’ என்று விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். பளபளக்கும் புது இயந்திரங்கள் இரண்டு எனக்கு இப்படித் தட்டின. மூடப்பட்ட ஒரு லேத் பட்டறையிலிருந்து வந்த, பெயின்ட் உரிந்த பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் தட்டவில்லை.

அடுத்தது சக். 10 மி.மீ. நேரான எஃகுக் கம்பி ஒன்றைச் சக்கில் இறுக்கி, பக்கத்தில் ஒரு மரக்கட்டையை முடிந்தவரை நெருக்கி வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினால் இடைவெளி அகன்று குறுகுவது கண்ணுக்கே தெரியும். நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருந்தால் அளந்தும் பார்க்கலாம். கேஜ் காட்டும் எண், மையம் விலகியிருப்பதைப் போல இரு மடங்கு என்பதை மறந்துவிட்டு வீணாகப் பதறுகிறவர்கள் உண்டு.

சக்கைத் திருகு எதுவும் பிடித்திருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கூம்பு இன்னொரு கூம்புக்குள் செருகி நிற்கிறது, அவ்வளவுதான். முறுக்குப் பிட்டுக்கு 1863-ல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸின் பெயரால் இதை மோர்ஸ் கூம்பு என்கிறார்கள். 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும், ஒரு பக்கச் சாய்வு ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. எண்ணெய் துடைத்த எஃகின்மேல் எஃகு வழுக்கத் தொடங்குவதற்கு இதைவிடப் பல மடங்கு சாய்வு வேண்டும். ஆகவே மேலே தட்டிச் செருகிய கூம்பு தானாக இறங்காது. அழுத்த அழுத்த இறுகும். பக்கவாட்டில் இடித்தால்தான் ஆபத்து. உப்புக்காகித உருளையை மாட்டி வளைவுகளைத் தேய்க்கவோ, ரவுட்டர் பிட்டை மாட்டிக் காடி எடுக்கவோ போனால், அதிர்வில் கூம்பின் பிடி விட்டுச் சக் சுழன்றபடியே கீழே விழும். புதிதாக மாட்டும்போது கூம்பையும் குழியையும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்கச் சொல்வதற்கும் இந்த உராய்வுதான் காரணம்.

இனி வேகம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று சுற்றும். படிப்படியாக விட்டம் மாறும் இரண்டு புல்லிகளில் பெல்ட்டை எந்தப் படியில் போடுகிறோமோ அதற்கேற்ப ஸ்பிண்டிலின் வேகம் மாறும். ஒன்று பெருக்கும்போது மற்றது சிறுக்கும்படி படிகளைக் கடைந்திருப்பதால் ஒரே பெல்ட் எல்லாப் படிக்கும் பொருந்துகிறது. குமிழைத் திருகினால் வேகம் மாறும் எலக்ட்ரானிக் இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இது அந்தக் காலத்து ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் இயற்பியல் பெல்ட்டின் பக்கம்தான் நிற்கிறது. அரை எச்.பி. மோட்டார் 1440 சுற்றில் தரும் முறுக்கு விசை ஏறத்தாழ 2.5 நியூட்டன் மீட்டர். புல்லியால் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக, 480 சுற்றுக்குக் குறைத்தால், திறன் மாறாததால் முறுக்கு மூன்று மடங்காகி 7.4 ஆகும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி வேகத்தைக் குறைத்தால் இந்தப் பெருக்கல் கிடைக்காது. மெதுவாகச் சுற்றும் பெரிய பிட்டுக்குத்தான் முறுக்கு அதிகம் வேண்டும். குமிழ் இயந்திரம் திணறுவதும் அங்கேதான்.

பெரிய பிட் ஏன் மெதுவாகச் சுற்ற வேண்டும்? விளிம்பின் வேகத்தைப் பாருங்கள். 3000 சுற்றில் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு விநாடிக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதே வேகத்தில் 50 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் விளிம்பு விநாடிக்கு 8 மீட்டர் ஓடும். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்ற துப்பாக்கிக் கொல்லர் 1874-ல் காப்புரிமை பெற்ற பிட் அது. நடுமுனையை அதிகம் நம்பாமல் விளிம்பு வளையமே வழிகாட்டியாக இருப்பதால் தட்டையான அடிப்பகுதியோடு குழி எடுக்கும். அதே வளையம் மரத்தோடு எந்நேரமும் உரசிக்கொண்டும் இருக்கும். மரம் வெப்பத்தைக் கடத்தாது. உரசல் சூடு முழுவதும் பிட்டுக்கே போகும். குழியின் சுவர் கருகும், தேக்கின் எண்ணெய் வாடை புகையோடு எழும். கார்பன் எஃகுப் பிட்டாக இருந்து ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் அதன் கடினம் போயிற்று என்று பொருள். 500 சுற்றில் அதே விளிம்பு 1.3 மீட்டர்தான் ஓடும். ஆகவே அதிகபட்ச வேகத்தை விளம்பரப்படுத்தும் இயந்திரத்தில் நான் பார்ப்பது குறைந்தபட்ச வேகத்தை. அது 500-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் பில்லர் டிரில்கள் பெரும்பாலும் இரும்பு வேலையை மனத்தில் வைத்துச் செய்தவை. 13 மி.மீ., 20 மி.மீ. என்று அவற்றைப் பெயரிட்டு அழைப்பதே எஃகில் போடக்கூடிய துளையை வைத்துத்தான். இரும்புத் தகட்டில் துளை ஆழம் குறைவு. அதனால் குவில் 50 மி.மீ. இறங்கினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மரக்காரனுக்கு அது போதாது. என் கட்டில் காலை எடுத்துக்கொள்ளுங்கள்: 50 மி.மீ. குடைந்து நிறுத்தி, மேசையை உயர்த்தி மீண்டும் குடைய வேண்டும். உருண்டைத் தூணில் மேசையைத் தளர்த்திய நொடியே அது பக்கவாட்டில் திரும்பிவிடும், மையம் போய்விடும். பல் சட்டமும் கைப்பிடியும் வைத்து மேசையை ஏற்றும் மாடல்களிலும் இதே கதைதான். அது மேசையின் எடையைத் தாங்குமே தவிர, திரும்பாமல் தடுக்காது. எனவே 80 மி.மீ. இறக்கம் உள்ள இயந்திரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 90 மி.மீ. கட்டையில் மீதமுள்ள 10 மி.மீ.யை அதே துளை வழிகாட்ட முடித்துவிடலாம்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பல பில்லர் டிரில்களின் விலை மோட்டார் சேர்க்காமலே சொல்லப்படுகிறது. சேர்த்துச் சொன்னாலும் அது த்ரீ பேஸ் மோட்டாராக இருக்கலாம். வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸ் என்றால் கெபாசிட்டர் வைத்த மோட்டார் வேண்டும். அரை எச்.பி. தாராளம்.

அந்த அரை எச்.பி. என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். 7.4 நியூட்டன் மீட்டர் கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பிட் சிக்கிக்கொண்டு, மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு சின்னக் கட்டையைக் கையால் பிடித்திருந்தால், விரல்கள் எதிர்க்க வேண்டியது 15 கிலோ. மோட்டார் திணறும் கணத்தில் இது இன்னும் கூடும். கட்டை சிறியதாக இருக்க இருக்கப் பிடிப்பது கடினமாகும் என்பது முதலில் தலைகீழாகப் படும். நெம்பும் தூரம் குறைகிறது என்பதே காரணம். சின்னக் கட்டைக்கு கிளாம்ப் கட்டாயம். நீளமான சட்டம் என்றால் அதன் இடது முனையைத் தூணின் இடப்பக்கத்தில் சாய்த்து வைத்தால் போதும்: ஸ்பிண்டில் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றுவதால், சட்டம் பிடுங்கிக்கொண்டு திரும்பப் பார்த்தாலும் தூணில் முட்டி நின்றுவிடும். கையுறை கூடவே கூடாது.

கடைசியில் அந்தப் பெயின்ட் உரிந்த பழையதைத்தான் வாங்கினேன். பேரிங் இரண்டு மாற்றினேன், பெல்ட் புதிது. இரும்பு மேசைமேல் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைப் பொருத்தினேன். பிட் வெளியேறும் இடத்தில் மரநார்களுக்கு அடியில் தாங்கல் இல்லாவிட்டால் பிளந்து சிம்பு கிளம்பும். பலகை அதைத் தடுக்கும். பிறகு எல் வடிவில் வளைத்த தடித்த கம்பியைச் சக்கில் மாட்டி, அதன் நுனி பலகையைத் தொடும்படி வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். தூண் பக்கம் உரசியது. என் பக்கம் 1 மி.மீ. எழும்பி நின்றது. 200 மி.மீ. வட்டத்துக்கு 1 மி.மீ. என்றால் கால் டிகிரிக்குச் சற்று மேல். இடவலச் சாய்வைத் திருத்தப் பெரும்பாலான மேசைகளில் போல்ட் உண்டு. முன்பின் சாய்வுக்கு இல்லை. பிஸ்கட் டின் மூடியைப் பட்டையாக வெட்டி, பலகையின் முன் ஓரத்துக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். நான்காவது பட்டையில் கம்பி சுற்று முழுவதும் ஒரே சீராக உரசியது.

இன்னொரு பூவரசங்காலில் துளை போட்டேன். மறுபக்கம் குறியிலிருந்து அரை மி.மீ. விலகியிருந்தது. அளந்து பார்த்தேன், என் பென்சில் கோட்டின் தடிமனும் அரை மி.மீ.தான்.