18க்கு 18 வாங்கின ஆண்டிவைரஸ் இருந்தும் ஏன் மாட்டிக்கிறோம்?

எந்த ஆண்டிவைரஸ் வாங்கலாம்னு கேக்குறவங்கள்ல பாதிப் பேரு ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் சேத்தே அனுப்புறாங்க, ஆண்டிவைரஸை டெஸ்ட் பண்ணி மார்க் போடுற ஏவி-டெஸ்ட் லேப்ல 18க்கு 18 எடுத்திருக்கு, இதையே போட்டுரலாமான்னு. தாராளமா போடலாம். ஆனா அந்த 18 எதுக்கு குடுத்த மார்க்குன்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க. ப்ரொடெக்‌ஷனுக்கு 6, சிஸ்டத்தை இழுக்காம இருக்கறதுக்கு 6, நல்ல ஃபைலைப் போய் வைரஸ்னு புடிக்காம இருக்கறதுக்கு 6. இப்பல்லாம் விண்டோஸோட சும்மா வர்ற டிஃபெண்டர்கூட ஃபுல் மார்க் பக்கத்துல வந்து நிக்குது. கிளாஸே சென்டம் எடுத்தா அந்தப் பேப்பரை வெச்சு யாரு கெட்டின்னு எப்படிச் சொல்றது?

ஆஸ்திரியால இன்ஸ்ப்ரூக்ல இருக்கற இன்னொரு லேப் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் பண்ற ரியல்-வேர்ல்டு டெஸ்ட் எனக்குப் புடிச்ச டெஸ்ட்தான், நிஜமாவே பரவிட்டு இருக்கற வைரஸ் லிங்க்கைத் திறந்து பாக்குறாங்க, ஆனா ஒரு ரவுண்டுக்கு சில நூறு சாம்பிள்தான். 400ன்னு வெச்சுக்கிட்டா ஒண்ணைக் கோட்டை விட்டா 99.75%, ரெண்டை விட்டா 99.5%. இந்தக் கால் பர்சன்டைத்தான் விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுறாங்க. தினமும் 4.5 லட்சத்துக்கு மேல புது மால்வேர் (வைரஸ் மாதிரி கெட்ட ப்ரோக்ராம்) வருதுன்னு ஏவி-டெஸ்ட்டே சொல்லுது, அதுல எதை எடுத்து டெஸ்ட் பண்றாங்கங்கறதைப் பொறுத்து ரிசல்ட் மாறும். 2012 கடைசில மைக்ரோசாஃப்ட் அப்ப சும்மா குடுத்துட்டு இருந்த ஆண்டிவைரஸ் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸுக்கு ஏவி-டெஸ்ட் சர்ட்டிபிகேட் குடுக்கல, அப்ப மைக்ரோசாஃப்ட் சொன்ன பதில், நாங்க விட்ட சாம்பிள்ல 94% எங்க கஸ்டமர்ஸை பாதிக்கவே இல்லன்னு. ஃபெயிலானவன் சொல்ற சாக்கு மாதிரிதான் இருக்கு, ஆனா டெஸ்ட் பண்ற சாம்பிள் நிஜத்துல யாரைத் தாக்குதுங்கற கேள்வி நியாயமானது.

இதைவிடப் பெரிய கூத்து 2015ல நடந்துச்சு. சீனாவோட ஆண்டிவைரஸ் கம்பெனி சீஹூ 360 டெஸ்டுக்கு அனுப்பின வெர்ஷன்ல, வேற கம்பெனியான பிட்டிஃபெண்டரோட வைரஸ் புடிக்கிற எஞ்சின் ஆன்ல இருந்துருக்கு, அங்க ஜனங்க டவுன்லோட் பண்ணதுல அது ஆஃப், கம்பெனியோட சொந்த எஞ்சின்தான் ஓடிட்டு இருந்துச்சு. ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ், வைரஸ் புல்லட்டின்னு டெஸ்ட் பண்ற மூணு பேரும் சேந்து, தாங்க குடுத்த அவார்டைப் புடுங்கிட்டாங்க.

நம்ம ஆளுங்க இதையே தெரியாம செய்றாங்க. டெஸ்ட் பண்ணது ஒண்ணு, மெஷின்ல ஓடறது வேற ஒண்ணு. எங்கிட்ட ரேன்சம்வேர்னு (ஃபைலையெல்லாம் பூட்டி வெச்சுக் காசு கேக்குற வைரஸ்) வர்ற மெஷின்ல ஆண்டிவைரஸே இல்லாதது ரொம்பக் கம்மி. ஒரு கடையோட அக்கவுண்ட்ஸ் சிஸ்டம், காசு குடுத்து வாங்கின லைசென்ஸ், மூலைல பச்சை டிக் ஜம்முனு இருக்கு, ஆனா எந்த ஃபைலும் திறக்கல. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ, 980 டாலர் குடு, 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி ரேட்டு 490ன்னு. ஆடித் தள்ளுபடி! இதையெல்லாம் ஸ்கேன் பண்ணாதேன்னு ஆண்டிவைரஸுக்குச் சொல்ற எக்ஸ்க்ளூஷன் லிஸ்டைத் திறந்தா டி டிரைவ் மொத்தமும் அதுல கிடக்கு. யாரோ ஒரு டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கட்டாம ஓட வெக்கிற கிராக் போட்டுக் குடுத்துருக்காங்க, பாஸ்வேர்டு போட்ட ஜிப், பாஸ்வேர்டு தெரியாம ஸ்கேனரால உள்ள பாக்க முடியாது, கூட வந்த நோட்டுல முதல் வரியே ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணுன்னு இருக்கு. எந்த லேப்லயும் இப்படி ஒருத்தரை உக்கார வெச்சு டெஸ்ட் பண்றதில்ல.

இன்னொரு வகை, வெளில இருந்தே மெஷினை இயக்குற ரிமோட் டெஸ்க்டாப்பை நெட்டுக்குத் திறந்து வெச்சிட்டு ஈஸியான பாஸ்வேர்டு வெக்கிறது. ஹேக்கர் அட்மினாவே லாகின் பண்ணி ஆண்டிவைரஸை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான், அங்க 18 மார்க் என்ன பண்ணும்.

அதுக்காக டெஸ்ட் ரிப்போர்ட்டே வேஸ்ட்னு சொல்ல வரல. ஒரே மாசத்து ரிசல்ட்டை விட்டுட்டு ரெண்டு வருஷத்து ரிசல்ட்டைப் பாருங்க, தொடர்ந்து சொதப்புறதைக் கழிச்சு விடலாம். ரிப்போர்ட்ல ஃபால்ஸ் பாசிட்டிவ்னு (நல்ல ஃபைலை வைரஸ்னு புடிச்ச கணக்கு) இருக்கற கட்டத்தை யாரும் பாக்கறதில்ல, ஆனா நல்ல ஃபைலையே அடிக்கடி புடிக்கிற ப்ராடக்ட்டைத்தான் ஜனங்க கடுப்பாகி ஆஃப் பண்றாங்க. ஐகார்னு ஒரு ஆபத்தில்லாத டெஸ்ட் ஃபைலை வெச்சு செக் பண்ணிட்டு சூப்பர்னு சொல்றவங்களுக்கு, அது வெறும் 68 பைட், ஸ்கேனர் முழிச்சிட்டு இருக்கான்னு பாக்க மட்டும்தான் ஆகும்.

டிஃபெண்டர் வெச்சிருக்கவங்க இப்பவே விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் செட்டிங்ஸ்ல கீழ போய் எக்ஸ்க்ளூஷன்ஸ் பாருங்க. அங்கயே டேம்பர் ப்ரொடெக்‌ஷன் (ஆண்டிவைரஸ் செட்டிங்ஸை வேற ப்ரோக்ராம் மாத்த விடாம தடுக்கறது) ஆன்ல இருக்கான்னும் பாத்துருங்க. லிஸ்ட்ல தெரியாத ஃபோல்டர் எதாவது இருந்தா எடுத்துட்டு, ஃபுல் ஸ்கேன் ஒண்ணு போடுங்க, அப்புறம் கடைசியா அந்த மெஷினை யாரு சர்வீஸ் பண்ணாங்களோ அவங்களுக்கு ஒரு போன்.