ரோமுக்குப் போகுமுன் கிழமையைப் பாருங்கள்

ரோம் போக வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஓர் இடப் பட்டியல் இருக்கும். கொலோசியம், வாடிகன், பாந்தியன், ட்ரெவி நீரூற்று, ஸ்பானியப் படிகள். பட்டியல் போட்டதில் தப்பே இல்லை. ஆனால் இடங்களை மட்டும் எண்ணித் திட்டம் போட்டால் ரோம் காலை வாரிவிடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கிழமையை, அடுத்து மணியை. டூர் ஏற்பாடு செய்யும் இந்தத் தொழிலில், போய்த் திரும்பியவர்கள் சொல்லி நான் கேட்ட புலம்பல்களில் பெரும்பகுதி இந்த ஒன்றைக் கவனிக்காததால் வந்ததுதான்.

வாடிகன் அருங்காட்சியகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள்; அன்று இலவசம், ஆனால் பகல் 12.30 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். இலவசம் என்றதும் அன்றைக்கே போகலாம் என்று தோன்றும். வேண்டாம். ஊரே அன்றைக்குத்தான் வரும், வரிசையிலேயே காலை கழிந்துவிடும். புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் புனித பேதுரு சதுக்கத்தில் மக்களைச் சந்திக்கும்போது பேராலயத்துக்குள் நுழைய முடியாது. அவரைப் பார்ப்பதே ஆசை என்றால் புதன்தான் உங்கள் நாள். அதற்கான அனுமதிச் சீட்டு இலவசம், யாராவது காசு கேட்டால் ஏமாற்று என்று அறிக. போர்கேசே ஓவியக் கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கொலோசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் அன்று முன்பதிவு கிடையாது.

இப்போது, சனிக்கிழமை இரவு ரோமில் இறங்கிச் செவ்வாய் அதிகாலை கிளம்புகிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணக்குக்கு இரண்டு முழு நாள். ஞாயிறு வாடிகன் அருங்காட்சியகம் இல்லை. திங்கள் போர்கேசே இல்லை. ஞாயிறு மூடியிருந்த கூட்டமும் சேர்ந்து திங்கட்கிழமை வாடிகனில் நெரியும். அதே இரண்டு நாள் வியாழன், வெள்ளியாக இருந்திருந்தால் எல்லாமே கிடைத்திருக்கும். விமான டிக்கெட்டில் ஆளுக்குச் சில ஆயிரம் மிச்சம் என்று தேதியை மாற்றுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, தேதி முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசா. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏப்ரலில் அப்பாயிண்ட்மென்ட் தேடினால் கிடைப்பது கஷ்டம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகள் போவதாக இருந்தால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். "வேறொரு நாட்டில் அப்பாயிண்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறதாம், அதில் எடுத்துக்கொண்டு இத்தாலிக்குப் போய்விடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொய்யான பயணத் திட்டம் கொடுத்து வாங்கிய விசா, எல்லையில் அதிகாரி ஹோட்டல் பதிவைக் கேட்கும் அன்றைக்கு உங்களைத் திருதிருவென விழிக்கவைக்கும். அடுத்த விசாவுக்கும் அது வினை. இதற்கு நான் உதவுவதில்லை.

விசாவோடு ஒட்டிய இன்னொரு விஷயம், நம் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். ஐரோப்பிய இணையப் படிவங்களோ அதைக் காலியாக விடவிடாது. விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, கொலோசியம் டிக்கெட்டில் இனிஷியலோடு வேறு மாதிரி என்று போட்டுவிட்டு வாசலில் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியும். கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டே தரப்படுகிறது, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளையே எல்லா இடத்திலும் அடியுங்கள்.

டிக்கெட் விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்த கொலோசியத்துக்கு இன்றைக்கு உள்ளே போவது, அன்றைய ரோமானியன் போனதைவிடச் சிரமம். பயணத் தேதிக்கு 30 நாள் முன்னதாக அதிகாரபூர்வத் தளத்தில் விற்பனை திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, அதில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் பக்கத்துப் பாலட்டைன் குன்றும் சேர்த்தி. 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் அவர்களுக்கும் பதிவு செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்குத்தான் இலவசமாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். விலங்குகளையும் வீரர்களையும் அடைத்துவைத்த நிலத்தடி அறைகளைப் பார்க்கத் தனி டிக்கெட், அது கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஏன் இப்படித் தீர்கிறது? சில சுற்றுலா நிறுவனங்கள் மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளி, கூடுதல் விலைக்கு விற்றதாகவும், முன்பு டிக்கெட் விற்பனையை நடத்திய நிறுவனம் அதைத் தடுக்கத் தவறியதாகவும், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இத்தாலிய ஆணையம் கண்டறிந்து, 2025இல் எல்லோருக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அபராதம் போட்டதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அரசுத் தளம் போலவே தூண், வளைவு, இத்தாலியக் கொடி எல்லாம் இருக்கும். விலை பல மடங்கு இருக்கும். வரிசையில் நிற்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்டிப் போக முடியாது, அது எல்லோருக்கும் பொது. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒருவர் அப்படி ஒரு தளத்தில் வாடிகனுக்குப் பணம் கட்டி, டிக்கெட் வராமல், கடைசியில் வாடிகன் தளத்திலேயே மறுபடி எடுத்துப் போய் வந்தார்கள். அங்கே டிக்கெட் 20 யூரோ, ஆன்லைன் பதிவுக்கு 5 யூரோ கூடுதல். அவ்வளவுதான்.

அதிகாரபூர்வ டிக்கெட் தீர்ந்துபோனால் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு குழுவாகப் போவது நல்ல வழிதான். அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், ஏனென்றால் கதை சொல்ல ஆள் இருந்தால்தான் ஃபோரத்தில் கிடக்கிற கற்களுக்கு அர்த்தம் வரும். ஆனால் வழிகாட்டிக்குக் கொடுக்கிறோமா, வெறும் டிக்கெட்டுக்குக் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுங்கள்.

ஆக, கொலோசியம், வாடிகன், போர்கேசே. இந்த மூன்றும் மணி குறித்த டிக்கெட். கல்யாண வேலைகளை முகூர்த்த நேரத்தை வைத்துக் கோர்ப்பதுபோல, இந்த மூன்றின் மணியை முதலில் எழுதிவிட்டு மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். போர்கேசேயில் இரண்டு மணி நேரம்தான் அனுமதி, முன்பதிவு இல்லாமல் நுழைவே இல்லை. விமானம் இறங்கும் நாளில் எதையும் வைக்காதீர்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் படமும் எடுக்கிறார்கள், வரிசை எவ்வளவு நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் முழங்காலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய ரோமின் தெருக்கள் கறுப்புக் கருங்கல் பாவியவை, மேடு பள்ளம், மழை பெய்தால் வழுக்கும். வாடிகன் அருங்காட்சியக வாசல் பேதுரு சதுக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். உள்ளே சிஸ்டைன் சிற்றாலயம் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். அதற்குள் கால் கெஞ்சிவிடும், அதன் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஓவியங்களை அண்ணாந்து பார்க்கக் கழுத்திலும் தெம்பு இருக்காது. வழியில் எல்லாக் கூடங்களிலும் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பேராலயக் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டுக்குக் காசு கொடுத்தாலும் மிச்சம் 320 படி ஏறத்தான் வேண்டும், அதுவும் குறுகலாக. களைத்துப்போய் ஸ்பானியப் படிகளில் உட்காரலாம் என்றால் 2019 முதல் அதற்குத் தடை, அபராதம் 400 யூரோ வரை போகும். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சல்வாருக்குச் சிக்கலில்லை, மாட்டிக்கொள்வது அரைக்கால் சட்டை போட்ட ஆண்கள்தான். பல தேவாலயங்கள் மதியம் சில மணி நேரம் மூடிவிடும். அந்த நேரத்தை ஹோட்டலுக்குத் திரும்பி ஒரு தூக்கம் போடப் பயன்படுத்துங்கள். ஜூலை, ஆகஸ்டில் இது ஆலோசனை இல்லை, அவசியம்.

இத்தனை டிக்கெட் பேசிவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். ரோமில் எனக்குப் பிடித்தவற்றில் பல இலவசம். சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி தேவாலயத்தில் கராவாஜ்ஜியோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று, வரைந்து மாட்டிய இடத்திலேயே இருக்கின்றன. சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. பேதுரு பேராலயத்துக்குள் நுழையவும் கட்டணமில்லை. பாந்தியனுக்கு மட்டும் 2023 ஜூலை முதல் 5 யூரோ வாங்குகிறார்கள், கூரை நடுவே திறந்த வட்டத்தின் வழியே வெயில் இறங்குவதைப் பார்க்க அது தாராளமாகத் தகும். ஒருவேளை ஒரே ஓர் இடத்துக்குக் கூடுதல் காசு செலவழிக்கலாம் என்றால் சான் கிளெமென்தேயின் நிலத்தடியைச் சொல்வேன். மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே பழைய ரோமானியக் கட்டடமும் மித்ரன் என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டு அறையும். இறங்க இறங்கக் காலம் பின்னோக்கிப் போகும். அதைப் பட்டியலில் எழுதிக்கொண்டு வருகிறவர் அபூர்வம்.

சாப்பாடு. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்காமல் சாப்பிடாதீர்கள். கார்போனாராவிலும் அமட்ரிச்சியானாவிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. சுப்ளி என்ற சோற்று உருண்டை பார்க்க அப்பாவியாக இருக்கும், உள்ளே கொத்துக்கறி இருக்கலாம். மரினாரா பிட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரேகானோதான், பால்கூட இல்லை. காச்சோ எ பெப்பே என்பது பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்ந்த பாஸ்தா. நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அதில் போடும் பெக்கோரினோ ரோமானோவை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறையவைக்கிறார்கள். கறாரான சைவம் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

மிளகு என்றதும் ஒரு சின்ன இடைச்செருகல். ஃபோரத்தில் மாக்சென்டியஸ் மண்டபம் இருக்கும் இடத்தில், அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறி வழியாகப் போன மிளகு வந்து சேர்ந்த இடம். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்திருக்கிறார். அந்தக் காசுகள்தான் கரூரிலும் கோவைப் பக்கத்திலும் புதையலாகக் கிடைத்தன. வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவெங்கும் இரும்புக் குழாய்கள் நாள் முழுக்க நல்ல குடிநீரை ஊற்றிக்கொண்டிருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டையிலிருந்து பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து பழைய மதிலுக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் வெள்ளை நிற அரசு உரிம டாக்ஸிக்குக் கட்டணம் 55 யூரோ, வண்டிக்கு, ஆளுக்கு இல்லை. ஹோட்டலில் நகர வரி தனியாகக் கேட்பார்கள்: மூன்று நட்சத்திரத்தில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நான்கில் 7.50, 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது. இது ஏமாற்று இல்லை, எல்லோருக்கும் உள்ளது. கார் மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள், ஊர் நடுவில் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா பிடிக்கும், அபராதம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வீடு தேடி வரும்.

கடைசியாக, ஜேப்படி. டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தும் மெட்ரோ ஏ தடமும் இதற்குப் பேர்போனவை. கையில் நூல் கட்ட வருகிறவர், கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுகிறவர், கிளாடியேட்டர் வேடத்தில் தோளில் கை போடுகிறவர், யாரிடமும் நிற்க வேண்டாம். ஒரே பையில் வீட்டிலுள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் போட்டு அப்பாவிடம் கொடுப்பது நம்மவர்களின் வழக்கம். அதை உடனே நிறுத்துங்கள். ஆளுக்கு ஆள் அவரவர் பாஸ்போர்ட், நகலும் படமும் போனிலும் மின்னஞ்சலிலும். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து முத்திரையிட்ட பிரதி வாங்குங்கள். அவசரம் என்றால் 112. அந்தப் பிரதியோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால் ஊர் திரும்ப அவசரகாலச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். காப்பீட்டு நிறுவனமும் அதே பிரதியைத்தான் கேட்கும், அதனால் இரண்டு மூன்று நகல் எடுத்துக்கொண்டே அங்கிருந்து கிளம்புங்கள்.