மாடு மேயும் தரைக்குத் தரிசு என்று பெயரா?

திருகோணமலை மாவட்டக் காணி விவகாரம் எதைப் பற்றி எழுதினாலும் ‘பயன்படுத்தப்படாத அரச தரிசு நிலம்’ என்று ஒரு தொடர் வந்து குந்திக்கொள்கிறது. விசாரித்தால், தலைமுறையாக மாட்டுப்பட்டி நின்ற இடமாக இருக்கும். நூறு எருமை மேய்கிற நிலம் எந்தக் கணக்கில் பயன்படுத்தப்படாத நிலம்?

அதற்கு நம்மிடம் உள்ள சொல் மேய்ச்சல் தரை. பாய், பாய்ச்சல், காய், காய்ச்சல், அதே போக்கில் மேய், மேய்ச்சல். தரையை அகராதிகள் வடமொழி ‘தரா’வோடு முடிச்சுப் போடுகின்றன. அது உறுத்துகிறவர்கள் ‘மேய்புலம்’ என்று எழுதலாம். நல்ல சொல்தான், ஆனால் எந்தப் பட்டிக்காரரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. கிழக்கில் ‘தரவை’யும் வழங்குகிறது. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

வம்பு தரிசில்தான். உழக்கூடியதாக இருந்தும் உழாமல் விட்ட நிலம் தரிசு. கலப்பையை வைத்து நிலத்தை அளக்கிற சொல் அது; மாட்டின் வாயை அது கணக்கில் எடுப்பதில்லை. தமிழ்நாட்டு வருவாய்த்துறைக்கே இந்த வேறுபாடு தெரியும். அங்கே ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ (தீர்வை என்றால் நிலவரி) என்று தனியாகவும் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று தனியாகவும் பதிகிறார்கள். இங்கே குழப்பத்தின் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. காடு, ‘வேஸ்ட்’, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அந்த ‘வேஸ்ட்’டுக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு தரிசு என்று போடுகிறார்கள். முடியாட்சி போயும் அதன் கண்ணாடி நம் மூக்கில்தான் இருக்கிறது.

தம்பலகாமத்திலோ மூதூரிலோ பெரும்போகத்துக்கு முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். விதைப்புத் திகதியோடு, வயற்பகுதியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய திகதியும் முடிவாகும். அன்றிலிருந்து வெட்டு முடியும்வரை அந்த மாடுகள் எங்கே நிற்பது? தரை இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் அவை கட்டாக்காலி. (காலி என்பது மாட்டுக்குப் பழைய பெயர், கட்டாத காலி கட்டாக்காலி. இதை ‘தெருவோர விலங்குகள்’ ஆக்கிய புண்ணியவான்களைப் பற்றி இன்னொரு நாள்.) கட்டாக்காலி ஆன பிறகு பயிர்ச்சேதம், தண்டப்பணம், அடிதடி. இந்தச் செலவெல்லாம் எங்கே பதிவாகிறது? கிண்ணியாவில் ஒரு சட்டித் தயிர் வாங்குகிறவர் பாலுக்கும் சட்டிக்கும் கூலிக்கும் கொடுக்கிறார். புல்லின் விலை அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தரையை மூடிவிட்டுத் தீனியை விலைக்கு வாங்கச் சொன்னால் அப்போது தெரியும். வெட்டிய வயலில் மேயவிட்ட மாடு போட்டுவிட்டுப் போகும் சாணத்துக்கும் யாரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 1934இன் டெய்லர் மேய்ச்சல் சட்டம் முதற்கொண்டு அங்கே அரச நிலத்தில் மேய்க்க அனுமதியும் வேண்டும், கட்டணமும் உண்டு. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் தின்னும் புல் ஓர் அலகு. அதற்கான கட்டணம் 1.35 டொலருக்குக் கீழே போகக்கூடாது என்று 1986இல் வரையறுத்தார்கள். பல ஆண்டுகள் அந்த அடிமட்டத்திலேயே கிடந்தது. தனியார் நிலத்தில் இதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். ஆகவே இது பண்ணையாளருக்குக் கொடுக்கும் மறைமுக மானியமா என்று தசாப்தக் கணக்கில் சண்டை. புல்லின் விலை குறைவு என்றுதான் சண்டை. விலையே இல்லாத நிலம் என்று அங்கே இரு தரப்பும் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறவர்களோ ‘மேய்ச்சல் வரி’ என்கிறார்கள். வரி எல்லாருக்கும் விழுவது. இது பயன்படுத்துகிறவர் கொடுப்பது, கட்டணம். அந்த அலகை ‘விலங்கு அலகு மாதம்’ என்கிறார்கள், மந்திரம்போல. ‘மாட்டுமாதம்’ என்றால் மாடு மேய்ப்பவருக்கும் விளங்குமே.

இதையெல்லாம் மிஞ்சியது ‘பொதுமக்களின் துயரம்’. 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் கரெட் ஹார்டின் எழுதிய ‘The Tragedy of the Commons’ என்ற கட்டுரையின் தமிழ்த் தலைப்பாம். அவர் எடுத்துக்காட்டியது பொது மேய்ச்சல் தரையை. கூடுதலாக ஒரு மாடு விட்டால் இலாபம் விட்டவனுக்கு, நட்டம் எல்லாருக்கும் என்பது வாதம். மொழிபெயர்ப்பில் தரையும் போயிற்று, மாடும் போயிற்று, பொதுமக்கள் மட்டும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். ‘பொதுத்தரையின் கேடு’ என்றால் என்ன குறைந்துவிடும்? பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்று காட்டிய எலினோர் ஒஸ்ட்ரொம் 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். மாடு அகற்றும் திகதியைக் கூடிப் பேசி வைக்கிற நம் வயற்காரருக்கு அது புதுச் செய்தியல்ல.

தரிசு என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போருக்குப் பிறகு உழ ஆளில்லாமல் கிடந்த வயலைத் தாராளமாகத் தரிசு என்று எழுதுங்கள். பட்டி நிற்கிற இடத்தை எழுதும்போது ‘அரச மேய்ச்சல் தரை’ என்று எழுதுங்கள். ‘பயன்படுத்தப்படாத’ என்ற அடைமொழியையும் அடித்துவிடுங்கள்.