கிட் என்றால் கருவி அல்ல, பை

கோடை விடுமுறை நெருங்கினால் வேலூர்ப் பக்கம் பேச்சு கடலுக்குத் திரும்பிவிடும். பழைய வட ஆற்காட்டில், இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. கத்திரி வெயில் தாங்காமல் வேன் பிடித்து மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரிக்கோ போகிறோம். அப்படிப் போகிறவர்களுக்கென்று கைப்பேசியில் வரும் தமிழ்க் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘பயண சுகாதாரக் கருவியை எடுத்துச் செல்லுங்கள்.’ ஆங்கிலத்தில் ‘டிராவல் ஹெல்த் கிட்’ என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டு ஒரு பெண் எங்கள் தெரு மெடிக்கலில் அப்படியே கேட்டாள். கடைக்காரர், “இன்னாம்மா, பிரஷர் மிஷினா?” என்று அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கருவி என்றால் இன்று வேறு என்ன நினைப்பார்? அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது காய்ச்சல் மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் காயத்துக்குக் கட்டுத்துணியும்.

கிட் என்ற சொல் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் பலகைகளை வளையம் போட்டு இறுக்கிய மரத்தொட்டிக்குப் பெயர். பிறகு சிப்பாய் தன்னோடு சுமந்து போகும் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெயரானது. கொள்கலத்தின் பெயரே உள்ளே இருப்பதற்கும் ஆகிவந்தது, அவ்வளவுதான். கருவி என்ற பொருள் இதில் எங்கேயும் இல்லை.

‘கருவித்தொகுப்பு’ என்று தச்சனுடைய சாமான்களைச் சொல்லலாம். உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் கருவிகள்தாம். பயணத்துக்கு எடுத்துப் போகிற மருந்துகளில் கருவி என்று சொல்லத்தக்கவை வெப்பமானி, கத்தரிக்கோல், முள்ளெடுக்கும் இடுக்கி. மற்றதெல்லாம் மாத்திரை, களிம்பு, பொடி, பஞ்சு. அவற்றைக் கருவி என்பது மொழிபெயர்ப்பு இல்லை, பட்டியலைப் பார்க்காமல் எழுதியது.

இந்தச் சொல்லுக்காக வாதாடும் நண்பர்கள் தொல்காப்பியத்தைக் கொண்டுவருகிறார்கள். அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அதன் உரியியல் பகுதியில் ‘கருவி தொகுதி’ என்றே, அதாவது கருவி என்றால் தொகுதி என்றே இருக்கிறது. இடியும் மின்னலும் மழையும் சேர்ந்த வானத்தைச் சங்கப் பாட்டு ‘கருவி வானம்’ என்கிறது. ஆகவே பல பொருள் சேர்ந்த கிட்டுக்குக் கருவி பொருந்தும் என்பது அவர்கள் வாதம். சான்று உண்மைதான். முடிவுதான் தவறு. உரியியல் எந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்ல வந்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது: வெளிப்படையாக விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், விளங்காததற்கே இங்கே விளக்கம். அன்றைக்கே விளக்கம் தேவைப்பட்ட பொருளை இன்றைக்கு மருந்துக்கடையில் தூக்கிப் போட்டால் யாருக்குப் புரியும்? பழஞ்சொல்லை மீட்பது நல்ல வேலை. அதற்கு இடம் இருக்கிறது. வாந்தி எடுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பைப் படிக்கும் தாய்க்கு எதிரில் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

‘சுகாதாரம்’ அடுத்த கோளாறு. ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும், பேச்சில் அந்தச் சொல் துப்புரவையே குறிக்கிறது. சாக்கடை தேங்கினால்தான் சுகாதாரக் கேடு என்கிறோம். சுகாதாரக் கருவி என்றால் துடைப்பமும் அதில் அடங்கும்.

நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? அடை என்பது வெற்றிலை. வெற்றிலைப் பைக்கு அடைப்பை என்று பெயர். அதுவே அடைப்பம் என்றும் ஆகி, நாவிதர் கத்தியும் கத்தரியும் வைத்திருக்கும் பையையும் குறித்தது. அவர்களே ஊருக்கு வைத்தியமும் பார்த்தார்கள். மருத்துவர் என்று அந்தச் சமூகத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். அடுக்களை அஞ்சறைப்பெட்டியையும் பாருங்கள். கடுகு, சீரகத் தொகுப்பு என்று யாரும் சொன்னதில்லை. பையும் பெட்டியும்தான் தமிழில் கிட். பிரசவித்த தாய்மாருக்கு அரசு 16 பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தபோதும் ‘பரிசுப் பெட்டகம்’ என்றே பெயர் வைத்தது. பெட்டகம் நல்ல சொல், ஆனால் தோளில் மாட்டுவதற்குக் கொஞ்சம் கனம். என் தேர்வு ‘பயண மருந்துப் பை’. அது பிடிக்காவிட்டால் மெடிக்கல் கிட் என்றே எழுதுங்கள், கடைக்காரருக்காவது விளங்கும்.

பையின் பெயர் மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே இருப்பதையும் விட்டுவைக்கவில்லை. சன்ஸ்கிரீன் ‘சூரியத் திரை’ ஆகியிருக்கிறது. அதைச் சன்னலில் மாட்டுவதா, முகத்தில் பூசுவதா? வெயில்காப்புக் களிம்பு என்றால் தீர்ந்தது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பதும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ். ‘வாய்வழி மறுநீரேற்ற உப்புகள்’ ஆகியிருக்கிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று அங்கன்வாடியிலேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அந்த வாக்கியத்தை எழுத மறந்துவிட்டு ‘மறுநீரேற்ற’த்துக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

முதலுதவிப் பெட்டி என்று போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது பேருந்திலும் பள்ளிக்கூடத்திலும் யாருக்கோ அடிபட்டால் எடுப்பதற்காக இருப்பது. மருந்துப் பை நம்முடையது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு, வேன் கிளம்ப அரை மணி முன்னால் போட வேண்டிய வாந்தி மாத்திரை எல்லாம் அதில்தான் போகும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் அந்தப் பையை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டு மணலில் இறங்கக் கூடாது. குறிப்பு எழுதுகிறவர்கள் ‘முதலுதவிப் பெட்டி வண்டியில், மருந்துப் பை கையில்’ என்று எழுதட்டும்.