மாதவிடாய் நின்ற பிறகு ஏது ஹார்மோன்?

"தூரம் நின்னே பத்து வருஷமாச்சு டாக்டர், இப்போ எனக்கு எங்கேருந்து ஹார்மோன்?" மார்பகப் புற்றுநோய் என்ற பயாப்சி அறிக்கையோடு வரும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அறிக்கையில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றாலே எல்லோருக்கும் பயம். இங்கே அது அவ்வளவு கெட்ட செய்தி இல்லை. புற்றுநோய் செல்லில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொண்டு அதை வளரத் தூண்டும் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார், சுருக்கமாக ஈ.ஆர்.) இருக்கிறது என்று பொருள். ஆய்வகத்தில் அந்த ஏற்பியைக் காட்டும் சாயத்தை நூறு செல்லில் ஒன்று ஏற்றாலே பாசிட்டிவ் கணக்குதான். ஏற்பி இருந்தால் மாத்திரைக்கும் வழி இருக்கிறது.

சரி, ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? சினைப்பை ஓய்ந்தாலும் அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஜன்கள் எனும் ஆண் ஹார்மோன்களைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்கிற நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு கூடக் கூட இந்த வேலையும் கூடும். மார்பகத்திலும் கொழுப்பு நிறைய இருப்பதால் கட்டிக்குப் பக்கத்திலேயே தயாரிப்பு நடக்கும்! போதாததற்கு, பருமனானவர்களுக்கு இன்சுலின் ஏறும். ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் புரதம் குறையும். பிடியில்லாத ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் அதிகமாகத் திரியும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் முடக்குவது அந்த அரோமடேஸைத்தான். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இவை மட்டும் போதாது, சினைப்பை சும்மா இருக்காதே. பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரைச் சீட்டைக் காட்டி அதையே கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மாதவிடாய் நிற்பதற்கு முன்பு கணக்கு தலைகீழ். பருமனான பெண்களுக்கு அந்த வயதில் இந்த ஈ.ஆர். பாசிட்டிவ் வகை சற்றுக் குறைவாகவே வருகிறது. சொல்லவே தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த எடை ஐம்பதைத் தாண்டியும் கூடவே வரும். அதற்காக எடையால்தான் வந்தது என்று யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். ஒல்லியானவர்களுக்கும் இதே வகை வருகிறது.

சிகிச்சைக்குப் பிந்தைய எடைதான் என் பெரிய கவலை. "உடம்பு தேறணும்" என்று வீட்டில் தினமும் நெய்யும் பாதாம் பாலும். ஓர் அம்மா ஆறு மாதத்தில் எட்டு கிலோ ஏறி வந்தார். மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். கோபம் வந்தது மகளுக்கு. அப்புறம் இந்திய அளவுகோலில் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 25-ஐத் தாண்டினாலே பருமன், வெளிநாட்டுக் கணக்கின் 30 நமக்குப் பொருந்தாது என்று எழுதிக் காட்டினேன். அம்மாவுக்கு 31.