பாகாயமா என்று பதறாதீர்கள், முதலில் 14416

நம்ம வேலூரில் பிள்ளையை மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னாலே "என்ன, பாகாயத்துக்கா?" என்று முகம் மாறிவிடும். சி.எம்.சி.யின் மனநல ஆஸ்பத்திரி இருப்பது பாகாயத்தில்; மெட்ராஸ்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, நமக்கு அது அப்படி. இந்தப் பயத்தில்தான், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்காமல், சோறு இறங்காமல், ஸ்கூல் கேட் வரை போய் வயிற்றுவலி என்று திரும்பி வந்துகொண்டிருந்தாலும் "வயசுக் கோளாறு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். தாயத்து கட்டுகிறவர்கள் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. கூடவே ஒரு போனும் போடுங்கள்.

அந்த நம்பர் 14416. போனிலேயே மனநல ஆலோசனை தரும் மத்திய அரசின் டெலி மானஸ் திட்டம், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் ஒரு ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார், நேரில் காட்ட வேண்டும் என்றால் எங்கே போவது என்றும் சொல்வார். அம்மா அப்பாதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, பிள்ளையே கூப்பிடலாம்.

சரி, வெளியே தெரிந்துவிட்டால்? 2017 மனநல பராமரிப்புச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. சிகிச்சை விவரத்தை டாக்டர் பக்கத்து வீட்டுக்கோ சொந்தக்காரர்களுக்கோ சொல்லக்கூடாது. ஆனால் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோதான் சட்டப்படி பிரதிநிதி, அதனால் வீட்டுக்குத் தெரியாமல் சிகிச்சை நடக்கும் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். அட்மிட் செய்வது அபூர்வம். அப்படியே செய்தாலும் பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக்கூடாது, வீட்டிலிருந்து ஒருவர் எந்நேரமும் கூட இருக்க வேண்டும், பெண் பிள்ளைக்கு அப்பா மட்டும்தான் என்றால் துணைக்கு ஒரு பெண்ணையும் வைக்க வேண்டும்.

இன்னொன்று, இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பிள்ளை உயிரை விட முயன்றுவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத வீடுகள் உண்டு. கடுமையான மன அழுத்தத்தில் செய்தது என்றுதான் அந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தண்டிப்பதற்கில்லை, சிகிச்சை தரும் கடமை அரசுக்கு. ஆஸ்பத்திரியில் விவரம் பதிவார்கள், அது வழக்கமான நடைமுறை. 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள்.

நேரில் காட்ட, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கண்ணமங்கலம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி அடுக்கம்பாறையில் இறங்கி, காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். கண் டெஸ்ட், ரத்த டெஸ்ட் என்று மட்டும் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். உள்ளே உட்கார்ந்ததும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அப்புறம் அடுத்த தடவை வீட்டு வாசலைத் தாண்டாது.