விங்ஸ்பேன் என்றால் பாகம்

கூடைப்பந்து பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் 'விங்ஸ்பேன்'. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு விரித்து நின்றால், ஒரு கையின் நடுவிரல் நுனியிலிருந்து மறுகையின் நடுவிரல் நுனி வரை உள்ள நீளம் அது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் உயரத்தோடு இதையும் அளந்து பார்க்கின்றன.

'விங்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, சிறகு என்று பொருள். 'ஸ்பேன்' பழைய ஆங்கிலச் சொல். கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை விரித்த அளவு, அதாவது நம்முடைய சாண். பறவைக்கும் விமானத்துக்கும் சொன்ன சொல்லை ஆட்டக்காரர்களுக்கும் சொல்லத் தொடங்கினார்கள். அதைத் தமிழில் 'இறக்கை நீளம்' என்று அப்படியே பெயர்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஏனென்றால் விரித்த கைகளுக்கென்றே நம்மிடம் ஒரு சொல் உண்டு: பாகம்.

கயிற்றில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கி, தரை தட்டியதும் மேலே இழுத்து, கைகளை விரித்து விரித்து அளந்து 'இத்தனை பாகம் ஆழம்' என்று சொல்வது கடற்கரை வழக்கு. ஒரு பாகம் நான்கு முழம், சுமார் 6 அடி. ஆங்கிலத்தின் 'ஃபாதம்' என்ற ஆழ அளவும் இதே வழியில் பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விரித்த இரு கைகள் என்றும் தழுவல் என்றும் பொருள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கரைகளில் மனிதர்கள் தங்கள் கைகளையே அளவுகோலாக எடுத்திருக்கிறார்கள்.

சரி, பாகத்துக்குப் பகுதி, சமையல் பக்குவம் என்று வேறு பொருள்களும் இருக்கின்றனவே? அதனால் விளையாட்டில் 'கைப்பாகம்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஆஜானுபாகு, தாள்தோய் தடக்கை என்றெல்லாம் நீண்ட கையைப் புகழும் சொற்களும் நம்மிடம் உண்டு. ஆனால் அவை முழங்கால் வரை தொங்கும் கையைச் சொல்பவை, விரித்த கையின் அளவை அல்ல.

ஒரு காலத்து நெடிய ஆட்டக்காரரை இன்னொரு காலத்தவரோடு ஒப்பிடும்போது இந்த அளவு மிகவும் உதவும். புள்ளிகளை அப்படியே ஒப்பிட முடியாது, ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. ஜார்ஜ் மைக்கன் என்ற நெடியவர் கூடைக்கு அடியிலேயே நின்று புள்ளிகள் குவித்ததால், தாக்குகிறவர் அதிக நேரம் நிற்கக் கூடாத கூடையடித் தடத்தின் அகலத்தை 1951-ல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். இன்னொரு நெடியவரான வில்ட் சேம்பர்லைன் ஆடிய காலத்தில், 1964-ல், அது 16 அடியானது. எதிராளியின் எறிவைத் தட்டிவிடும் 'பிளாக்' கணக்கை என்பிஏ எழுதத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். எறிவுகளைத் தடுப்பதில் பேர்பெற்ற பில் ரஸ்ஸல் 1969-லும் சேம்பர்லைன் 1973-லும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் எத்தனை தட்டினார்கள் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது.

எலும்பின் நீளத்தை எந்த விதியும் மாற்றாது. ரஸ்ஸல் 6 அடி 10 அங்குலம், அவருடைய கைப்பாகம் 7 அடி 4 அங்குலம் என்பார்கள். சேம்பர்லைன் 7 அடி 1 அங்குலம், கைப்பாகம் 7 அடி 8 அங்குலம் என்பார்கள். பெரும்பாலோருக்கு உயரமும் கைப்பாகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இவர்களுக்கு அரை அடிக்குக் குறையாமல் கூடுதல்! அதோடு சேம்பர்லைன் கல்லூரியில் உயரம் தாண்டுதல் வீரரும்கூட. 1962 மார்ச் 2-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர். உடல் கொடுத்த வரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவரைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பிந்திய தலைமுறை ஆட்டக்காரர் ஷாக்கில் ஓ'நீலுக்கும் சேம்பர்லைனின் உயரம்தான். ஆனால் அவருடைய வரம் எடை. 147 கிலோ உடம்பை அத்தனை வேகமாகத் திருப்ப அவரால் முடிந்தது. 1993-ல் அவர் கூடையில் தொங்கிய வேகத்தில் கூடைத் தாங்கியே சரிந்திருக்கிறது.

கை மட்டும் போதுமா என்று கேட்டால், மனூட் போலைப் பார்க்க வேண்டும். இன்றைய தெற்கு சூடானின் டிங்கா மக்களில் பிறந்த அவருக்கு 7 அடி 7 அங்குல உயரம், 8 அடி 6 அங்குலக் கைப்பாகம். முதல் பருவத்திலேயே 397 பிளாக். ஆனால் மெலிந்த உடம்பு, முட்டி மோதுகிறவர்கள் எளிதாகத் தள்ளிவிடுவார்கள். என்பிஏ வாழ்க்கை முழுவதும் அவர் எடுத்தது 1,599 புள்ளிகள், தட்டிவிட்டது 2,086 எறிவுகள். எடுத்ததைவிடத் தடுத்தது அதிகம். ரஸ்ஸலோ அவரைவிட ஓரடிக்கு மேல் குறைந்த கைப்பாகத்தோடு 13 பருவங்களில் 11 கோப்பைகள் வென்றார். பந்தை வெளியே அடித்து விரட்டாமல் தன் அணிக்காரர் கையில் விழும்படி தட்டுவது அவர் பழக்கம்.

இப்போதைய காலத்துக்கு பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா. உயரம் 7 அடி 4 அங்குலம், கைப்பாகம் 8 அடி. நம் கடற்கரையில் நான்கு பாகம் என்று அளக்கும் கயிற்றை அவர் கையில் கொடுத்தால் மூன்று பாகம்தான் வரும்.